காஞ்சித் தெருவில் ஒரு வாய்த்தகராறு

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ஒரு நாடகத்தில், காஞ்சிபுரத்துத் தெருவில் ஒரு சண்டை நடக்கிறது. சத்தியசோமன் என்ற காபாலிகனும் அவன் துணைவி தேவசோமாவும் நல்ல போதையில் இருக்கிறார்கள். பிச்சை வாங்கவும் குடிக்கவும் அவன் வைத்திருந்த கபாலம், அதாவது மண்டையோடு, காணோம். அதில் வறுத்த இறைச்சி வேறு இருந்தது. அந்த நேரம் பார்த்து நாகசேனன் என்ற பௌத்தத் துறவி ஒரு வணிகர் வீட்டு விருந்தை முடித்துக்கொண்டு விகாரத்துக்குத் திரும்புகிறார். மேலாடைக்குள் எதையோ மறைத்து வைத்திருக்கிறார். போதாதா? தகராறு ஆரம்பிக்கிறது. தேவசோமா பிக்குவின் தலைமுடியைப் பிடித்து இழுக்கப் பார்க்கிறாள். மழித்த தலையில் பிடிக்க என்ன இருக்கிறது, அவளே கீழே விழுகிறாள். பாவமே என்று பிக்கு கைகொடுத்துத் தூக்கினால், என் பெண்டாட்டியைப் பாணிக்கிரகணம் செய்துகொள்கிறான் பார் என்று காபாலிகன் கூச்சல் போடுகிறான். பஞ்சாயத்துக்கு ஒரு பாசுபதர் வருகிறார், தீர்ந்தபாடில்லை. கடைசியில் ஒரு பைத்தியக்காரன், நாயிடமிருந்து பிடுங்கிய கபாலத்தோடு அந்தப் பக்கமாக வந்து சேர்கிறான்.

இந்த 'மத்தவிலாசப் பிரகசன'த்தை எழுதியவன் அந்த ஊரின் ராஜா, மகேந்திரவர்ம பல்லவன். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பாறையைக் குடைந்து கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டில் கல்வெட்டு பொறித்துக்கொண்ட அதே ஆள். காஞ்சிக்குப் பக்கத்தில் மாமண்டூர் குடைவரையில் இருக்கும் சிதைந்த கல்வெட்டொன்றிலும் இந்த நாடகத்தின் பெயர் வருகிறது. நாடகம் படிக்க இன்றைக்கும் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் சிரித்து முடித்த பிறகு என்னை விடாமல் பிடித்துக்கொண்டது வேறொரு கேள்வி. இத்தனை பேர் காஞ்சித் தெருவில் நின்று கத்துகிறார்களே, எந்த மொழியில் கத்துகிறார்கள்?

காபாலிகன் சமஸ்கிருதத்தில் பேசுகிறான். பாசுபதரும் அப்படியே. தேவசோமா பிராகிருதம். பிக்குவும் பிராகிருதம். பைத்தியக்காரன் வேறொரு வகைப் பிராகிருதம். வடமொழி நாடகத்தின் பொதுவிதி இது: உயர்ந்த நிலை ஆண்களுக்குச் சமஸ்கிருதம், பெண்களுக்கும் கீழ்நிலைப் பாத்திரங்களுக்கும் பிராகிருதம். குடித்துவிட்டுத் தள்ளாடும் ஒருவனுக்குச் சமஸ்கிருதம் கொடுத்து, விகாரத்தில் படித்த ஒரு துறவிக்கு அதை மறுத்ததில் ராஜாவின் குசும்பும் கொஞ்சம் இருக்கலாம். தமிழ்? ஒருவர் வாயிலும் இல்லை. காஞ்சியில் நடக்கும் கதை, காஞ்சியில் எழுதப்பட்ட வசனம், காஞ்சிக்காரர் பேச்சு மட்டும் கிடையாது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அன்றைக்கு நாடகம் என்ற வடிவம் அந்த மொழிகளோடுதான் வந்தது. ஆனால் இந்த ஏற்பாட்டுக்குள் மகேந்திரவர்மன் செய்த ஒரு காரியம் கவனிக்க வேண்டியது. வழக்கை நியாயசபைக்கு எடுத்துக்கொண்டு போகலாம் என்று பேச்சு வரும்போது தேவசோமா ஒன்று சொல்கிறாள்: அப்படியானால் கபாலத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட வேண்டியதுதான், இந்த ஆள் விகாரங்களின் வருமானத்தைக் கொண்டு சபை அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவான், நம்மைப் போல ஒன்றுமில்லாதவர்களுக்கு அங்கே என்ன வேலை? அது யாருடைய சபை? நாடகம் எழுதியவனுடைய சபைதான். தன் ஆட்சியில் லஞ்சம் நடக்கிறது என்பதை ராஜா எழுதினான், ஆனால் சமஸ்கிருதத்தில் எழுதவில்லை. குடித்திருக்கும் ஒரு பெண்ணின் பிராகிருதத்தில் வைத்தான். ராஜாவைப் பற்றிய உண்மையைச் சொல்ல அந்த வாய்தான் தோது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. யாரும் தண்டிக்க முடியாத வாய், யாரும் பொருட்படுத்தவும் வேண்டாத வாய்.

(பிக்குவின் புலம்பலும் அருமையானது. நல்ல சாப்பாடு, நல்ல படுக்கை எல்லாம் அனுமதித்த புத்தர் பெண்ணையும் மதுவையும் மட்டும் ஏன் விலக்கியிருப்பார்? கிழட்டுத் தேரர்கள் பொறாமையில் அந்தப் பகுதியை ஏட்டிலிருந்து நீக்கியிருக்க வேண்டும், மூலபாடம் எங்கே கிடைக்கும் என்று தேடுகிறார். பாடபேதம் பற்றிய இவ்வளவு பழைய நகைச்சுவையை நான் வேறெங்கும் படித்ததில்லை.)

நாடகம் தமிழ்நாட்டில் தங்கவில்லை. கேரளத்தில் சாக்கியார்கள் மேடையில் அதை உயிரோடு வைத்திருந்தார்கள். 1917இல் த. கணபதி சாஸ்திரி திருவனந்தபுரம் சமஸ்கிருத வரிசையில் பதிப்பித்த பிறகுதான் நவீன வாசகருக்குக் கிடைத்தது. காஞ்சிக் குடிகாரர்களின் வாய்ச்சண்டையை மலையாளக் கோயில்கள் நேர்ச்சைக் கூத்தாக ஆடிக் காப்பாற்றின என்பது வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

அந்தக் காலத்துத் தமிழ் என்ன செய்துகொண்டிருந்தது? பாடிக்கொண்டிருந்தது. மகேந்திரவர்மனைச் சைவனாக்கியதாக மரபு சொல்லும் திருநாவுக்கரசர் ஊர் ஊராகத் தமிழில் பாடிக்கொண்டு போகிறார். தமிழில் பேச்சு இல்லாமலும் இல்லை. சொல்லப்போனால் தமிழ்க் கவிதை அடிப்படையிலேயே யாரோ ஒருவர் இன்னொருவரிடம் பேசுவதுதான். தொல்காப்பியம் செய்யுளின் உறுப்புகளை அடுக்கும்போது 'கூற்று' என்று ஒன்றையும் 'கேட்போர்' என்று ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறது. களவில் யார் யார் பேசலாம் என்பதற்குக் கணக்கே இருக்கிறது: தலைவன், தலைவி, தோழி, செவிலி, பாங்கன், பார்ப்பான். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மீது பாடப்பட்ட பெரும்பாணாற்றுப்படை 500 அடியும் ஒரு பாணன் இன்னொரு பாணனிடம் வழி சொல்வதுதான். ஆனால் இவர்கள் எல்லோரும் ஒரே தமிழில் பேசுகிறார்கள். தோழிக்கு ஒரு நடை, தலைவனுக்கு ஒரு நடை கிடையாது. யார் பேசலாம் என்பதில்தான் தமிழ் மரபின் கண்டிப்பு. எப்படிப் பேசுவது என்பது எல்லோருக்கும் ஒன்றே.

மணிமேகலை இதற்கு நல்ல உதாரணம். இளம்பெண்ணுக்கு யாரும் சமய உண்மை சொல்ல மாட்டார்கள், வேற்றுரு எடு என்று அவளிடம் சொல்லப்படுகிறது. வஞ்சியில் அவள் ஆண் துறவி வடிவத்தில் நின்றுதான் சமயவாதிகளிடம் கேள்வி கேட்கிறாள். பிறகு காஞ்சிக்கு வந்து அறவண அடிகளிடம் தருக்கமும் தருமமும் கேட்கிறாள். தேவசோமாவுக்குப் பேச உரிமை இருந்தது, உயர்ந்த மொழி இல்லை. மணிமேகலைக்கு மொழி இருந்தது, பேச உருவத்தை மாற்ற வேண்டியிருந்தது.

இங்கிருந்து நேராகக் கூத்துக்கு ஒரு கோடு போட முடியாது. நடுவில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் கிடக்கிறது. ஆனால் காஞ்சிபுரம், செய்யாறு, ஆரணிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து கூத்துப் பார்த்தவர்களுக்குத் தேவசோமாவை உடனே அடையாளம் தெரிந்துவிடும். அவள் இங்கே கட்டியக்காரன்.

பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பத்து மணி வாக்கில் தொடங்கினால் விடியும். திரைக்குப் பின்னால் நின்று துரியோதனன் பாடுகிறான், கிரீடமும் புஜக்கட்டையும் மின்ன வெளியே வருகிறான். 'யார் நீ?' என்று கேட்கிறவன் கட்டியக்காரன். ராஜா தன் குலம், பட்டம், வீரம் எல்லாவற்றையும் நீட்டி முழக்கி இலக்கணத் தமிழில் சொல்லுவார். கட்டியக்காரன் அதை அப்படியே நம்ம ஊர் பேச்சில் திருப்பிப் போடுவான். 'இன்னா சாமி, இத்த முன்னாடியே சொல்லக் கூடாதா?' ரேஷன் கடை வரும், பஞ்சாயத்துத் தலைவர் வருவார், முன்வரிசையில் தூங்குகிறவர் வருவார். அவன் சேவகன், அறிவிப்பாளன், மொழிபெயர்ப்பாளன், சமயத்தில் நீதிபதி. ராஜாவை முகத்துக்கு நேராகக் கிண்டல் செய்ய அந்த அரங்கத்தில் அவன் ஒருவனுக்குத்தான் முழு உரிமை.

இதில் எழுதியவர் யார்? கூத்துக்காரர்களின் நோட்டுப் புத்தகத்தில் விருத்தமும் தருவும் எழுதியிருக்கும். பாட்டு மாறாது, மாறினால் வாத்தியார் விடமாட்டார். பாட்டுக்கு நடுவில் பேசும் வசனம் பெரும்பாலும் அன்றன்றைக்குப் பேசுகிறவர் வாயில் பிறப்பது. வசனம் என்ற சொல்லையே கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புராணத்தை உரைநடையில் எழுதினால் அதற்குப் பெயர் வசனம். செய்யுள் அல்லாத எல்லாமே வசனம்தான். நடிகர் பேசுவது என்ற இன்றைய பொருளுக்கு அந்தச் சொல்லைப் பழக்கியதில் மேடைக்கும் பிறகு சினிமாவுக்கும்தான் பெரிய பங்கு. கூத்தில் வசனத்துக்குச் சொந்தக்காரன் பேசுகிறவன். சினிமாவில் 'கதை வசனம்' என்று பெயர் போட்டு எழுதியவர் சொந்தக்காரர் ஆனார். இந்தக் கைமாற்றத்தில் காஞ்சிபுரத்துக்காரர் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு.

சி. என். அண்ணாதுரை 1909இல் காஞ்சிபுரத்தில் நெசவாளர் சமூகக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பச்சையப்பன் கல்லூரியில் எம்.ஏ. படிப்பதற்கு முன்னால் காஞ்சி நகராட்சியில் எழுத்தர் வேலையும் கொஞ்ச நாள் பார்த்தவர். 1942இல் அதே ஊரிலிருந்து 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கினார். அடுத்த சில வருஷங்களில் சந்திரோதயம், சிவாஜி கண்ட இந்து ராஜ்யம், ஓர் இரவு, வேலைக்காரி என்று நாடகங்கள் வந்தன. எழுதியதோடு நிற்காமல் மேடையேறியும் பேசினார்; சிவாஜி நாடகத்தில் காகபட்டர் வேஷம் அவருடையது. சிவாஜியாக நடித்த கணேசன் அந்த நீண்ட வசனத்தைச் சில மணி நேரத்தில் மனப்பாடம் செய்து பேசிக்காட்டினார் என்பதும், நாடகம் பார்த்த பெரியார் அவரைச் சிவாஜி என்று அழைத்ததும் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. 'ஓர் இரவு' பார்த்துவிட்டுக் கல்கி அவரைப் பெர்னார்ட் ஷாவோடு ஒப்பிட்டு எழுதினார். அரசியலில் எதிர்முகாமில் இருந்தவர் அப்படி எழுதியது சாதாரண விஷயம் இல்லை. 1949இல் 'நல்லதம்பி'யும் 'வேலைக்காரி'யும் படமாக வந்தன.

அண்ணாவின் வசனத்தைப் பற்றிப் பேசினால் அடுக்குமொழி என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். எதுகையும் மோனையும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், உண்மைதான். ஆனால் அந்தத் தமிழை யார் வாயில் வைத்தார் என்று பார்க்க வேண்டும். 'வேலைக்காரி'யில் ஜமீன்தாரின் கடன் கொடுமையால் தகப்பனைப் பறிகொடுத்த ஆனந்தன்தான் காளி கோயிலில் நின்று தெய்வத்தையே கேள்வி கேட்கிறான். அவன்தான் நீதிமன்றத்தில் வாதாடுகிறான். கட்டியக்காரன் கிண்டலாகச் சொல்லிவிட்டு ஓடிப்போன விஷயத்தை இவன் நின்று, நிமிர்ந்து, பண்டிதர் திகைக்கும் தமிழில் சொல்கிறான். கீழே இருக்கிறவனுக்குக் கொச்சைதான் பொருத்தம் என்ற மேடை விதியை அண்ணா உடைத்தார். மகேந்திரவர்மன் கணக்கில் சொன்னால், பிராகிருதப் பாத்திரங்களுக்குச் சமஸ்கிருதத்துக்கு இணையான தமிழைக் கொடுத்தார்.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பது எனக்குப் புத்தகத்திலிருந்து தெரிந்ததில்லை. என் தாத்தா காஞ்சிபுரத்தில் தறி நெய்தவர். மூன்றாம் வகுப்புக்கு மேல் போகவில்லை. வீட்டில் அவர் பேசுவது 'இன்னாடா', 'வந்துகினு', 'அத்த எடு' ரகம். கோர்வைச் சேலை நெய்யும்போது கரைக்கு இன்னொரு கை வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா தள்ளும் பையனோடு அவர் பேசுவதில் பாதி எங்களுக்கே புரியாது, அது தறிக்குழியின் பாஷை. ஆனால் கூலி பாக்கிக்காகவோ பட்டா விஷயமாகவோ ஒரு ஆபீசர் முன்னால் நிற்க வேண்டி வந்தால் ஆளே மாறிவிடுவார். 'ஐயா, எங்கள் நிலைமையைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்' என்று ஆரம்பிப்பார். குரல்கூட இறங்கி ஏறும். அந்த வாக்கியங்கள் அவருக்குப் பள்ளிக்கூடம் கொடுத்ததில்லை. டெண்டு கொட்டகை கொடுத்தது. அந்தக் காலத்தில் படங்களின் கதை வசனம் தனிப் புத்தகமாகவே விற்றது, இசைத்தட்டிலும் வசனம் வந்தது. படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படித்தால் பத்துத் தறி கேட்கும். வேலைக்காரி நீதிமன்றக் காட்சியைத் தாத்தா கடைசி வரைக்கும் தடங்கலில்லாமல் சொல்லுவார்.

அதனால்தான் அடுக்குமொழியைக் கேலி செய்கிறவர்களோடு என்னால் முழுசாகச் சேர முடிவதில்லை. செயற்கை, மேடைத்தனம், யாரும் அப்படிப் பேசுவதில்லை என்கிறார்கள். யாரும் அப்படிப் பேசுவதில்லைதான். ஆனால் அதிகாரியின் மேஜைக்கு முன்னால் பேசுவதற்கென்று ஒரு தமிழ் பலருக்குத் தேவைப்பட்டது. அதைச் செய்து கொடுத்தது இந்த வசனம்.

விலையும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். 'வேலைக்காரி' என்று பெயர் வைத்த படத்தில் எம். வி. ராஜம்மா நடித்த அமிர்தம்தான் வேலைக்காரி. ஆனால் ஜனங்கள் நினைவில் வைத்திருக்கும் வசனம் முழுக்க ஆனந்தனுடையது. பாதிக்கப்பட்டவனுக்கு மொழி கிடைத்தது, வேலைக்காரிக்குப் படத்தின் பெயர் கிடைத்தது. தறிக்குழியின் பாஷையோ மேடைக்கு வரவே இல்லை. தாத்தாவைப் பற்றி எழுதினாலும் தாத்தா பேசுகிறபடி எழுதக் கூடாது என்பது ஒரு எழுதாத விதியானது. அண்ணாவுக்கு அடுத்து வந்தவர்கள் கையில், குறிப்பாக 1952இல் 'பராசக்தி' அடித்த அடிக்குப் பிறகு, அது இன்னும் இறுகியது. பேச்சுத்தமிழ் படங்களிலிருந்து காணாமல் போகவில்லை. காமெடியனிடம் போய்ச் சேர்ந்தது. 'நல்லதம்பி'யில் என். எஸ். கிருஷ்ணன் பேசுவதைக் கேட்டுவிட்டு, அதே காலத்துக் கதாநாயகர்கள் பேசுவதையும் கேளுங்கள். கட்டியக்காரனுக்கு மறுபடி அவன் பழைய இடம். அந்த இடத்திலிருந்து என்.எஸ்.கே. சொன்னது கொஞ்சநஞ்சமில்லை என்பது வேறு விஷயம். கதாநாயகனும் ஊர்ப்பேச்சு பேசலாம் என்று பரவலாக ஆனதற்கு 1977இன் '16 வயதினிலே' வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. சிறுகதையில் புதுமைப்பித்தன் நெல்லைப் பேச்சை எழுதி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

என் தொழிலிலும் இந்தச் சிக்கல் உண்டு, சிரிப்பாக இருக்கும். மென்பொருள் கட்டும்போது 'யூசர் ஸ்டோரி' என்று எழுதுவோம். 'ஒரு வாடிக்கையாளராக, எனக்கு இன்னின்ன வசதி வேண்டும்' என்று தன்மையில் எழுத வேண்டும் என்பது விதி. எழுதுகிறவர் வாடிக்கையாளர் கிடையாது, வாடிக்கையாளரைப் பார்த்திருக்கவும் வேண்டியதில்லை. வாரத்துக்கு இருபது பேர் வாயில் வார்த்தை வைக்கிறேன். ஒருவரும் வந்து நான் அப்படிச் சொல்லவில்லையே என்று கேட்டதில்லை. அண்ணாவைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு எவ்வளவு இருக்கிறது என்று அவ்வப்போது தோன்றும்.

அண்ணாவே இதை உணர்ந்திருப்பார் என்று நினைக்க ஒரு காரணம் இருக்கிறது. 1955இல் 'திராவிட நாடு' இதழில் தம்பிக்குக் கடிதம் எழுதத் தொடங்குகிறார். மேடை முழக்கம் அங்கே தணிந்துவிடுகிறது. எதிரில் ஒருவன் உட்கார்ந்து கேட்கிற மாதிரி, அவன் என்ன சந்தேகம் கேட்பான் என்று தானே யோசித்து, தானே கேட்டு, பதில் சொல்லிக்கொண்டே போகிறார். என் கணக்கில் அவருடைய ஆகச் சிறந்த உரையாடல்கள் நாடகங்களில் இல்லை, அந்தக் கடிதங்களில்தான் இருக்கின்றன. தம்பி மட்டும் கடைசி வரைக்கும் பேசவில்லை.

கூத்து பக்கம் என்ன ஆயிற்று? 1990இல் பெ. ராஜகோபாலும் அவர் மனைவி ஹன்னே டி புருயினும் மற்றக் கலைஞர்களும் சேர்ந்து காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். தெருக்கூத்து என்ற பெயரில் ஒரு இளக்காரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கட்டைக்கூத்து என்றே சொல்ல வேண்டும் என்பது ராஜகோபாலின் பிடிவாதம். 2002இலிருந்து காஞ்சிக்கு அருகே புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் கட்டைக்கூத்து குருகுலம் நடந்தது. பிள்ளைகள் அங்கேயே தங்கி, பள்ளிப் பாடமும் கூத்தும் சேர்த்துப் படித்தார்கள். பெண் பிள்ளைகளும் படித்தார்கள். கூத்தில் பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டி வந்த இடத்தில் இது சின்ன மாற்றமில்லை. பெண் கையில் கூத்துப் போனால் கல்யாணம் ஆகாது, ராத்திரி ஆட்டத்துக்கு யார் அனுப்புவார்கள் என்ற பேச்சுகளுக்கு நடுவில்தான் அது நடந்தது. குருகுலம் 2020இல் மூடப்பட்டது. ஆனால் அங்கே பயின்றவர்களைக் கொண்டே, சூதும் துகிலுரிதலும் அடங்கிய கூத்தை முழுக்கப் பெண்களே ஆடினார்கள்.

அந்தக் கூத்தில் திரௌபதி சபையில் ஒரு கேள்வி கேட்பாள். தன்னைத் தோற்ற பிறகு என்னைப் பணயம் வைக்க அவருக்கு ஏது உரிமை? பீஷ்மரும் துரோணரும் உட்கார்ந்திருக்கும் சபை. இத்தனை காலமாக ஆண்கள் சேலை கட்டிக்கொண்டு கேட்ட கேள்வி. துரியோதனனும் பெண், துச்சாதனனும் பெண், கேலி பேசும் கட்டியக்காரனும் பெண். பாட்டு வாத்தியார் கொடுத்த பாட்டு. பாட்டு முடிந்ததும் வசனம் வரும்.